வெட்டு இல்லாத வைத்தியம்: நகையை அடகு வைப்பதற்கு முன் கேளுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாரின் மாதாந்தக் கூட்டத்தில், பிள்ளை மடுவத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், நிலுவை, வீட்டுக் காணி என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு ஒண்ணுக்குப் போவதைப் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவர்கள், டொக்டர் இல்லை. ஆனால் சங்கத்தின் சார்பில் நம்முடைய ஆட்களுக்குத் துணையாகக் கிளினிக் போய், அங்கே சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படிக் கேட்டதையும், திரும்பி வந்து படித்து விளங்கிக்கொண்டதையும் சொல்கிறோம்.

நம்முடைய கிளையில் ஒரு ஐயா. முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். இரவில் நாலைந்து தடவை எழும்புவார். கக்கூஸ் லயத்துக்குக் கீழே, மழை நாளில் படி வழுக்கும். அதனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டில் கேட்டால் "சீனி வருத்தமாக இருக்கும்" என்பார். சீனி வருத்தத்திலும் அடிக்கடி ஒண்ணுக்கு வரும் என்பது உண்மைதான், ஆனால் அவர் அதற்கும் இரத்தம் சோதிக்கவில்லை. ஒரு நாள் தடிமனுக்கு டவுனில் மாத்திரை வாங்கிப் போட்டார். விடியும்போது ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. ஆட்டோவில் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் டியூப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சில தடிமன் மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும் என்று அன்றைக்குத்தான் நமக்கும் தெரிந்தது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறது. முன்னிற்கும் சுரப்பி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், கிளினிக்கில் புரொஸ்டேட் என்பார்கள். இளவயதில் 20 கிராம் அளவு. வயது போகப்போகப் பெருக்கும். 60 வயதாகும்போது ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இது பெருத்திருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு. தண்ணீர்க் குழாயை வெளியிலிருந்து கையால் அமுக்குவது மாதிரிதான். வேகம் குறையும், நின்று நின்று வரும், போய் வந்தும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கும். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம் என்பதால் டொக்டர் விரலால் தொட்டுப் பார்ப்பார், பீ.எஸ்.ஏ. என்று ஓர் இரத்தச் சோதனை எழுதலாம். அந்த விரலுக்குப் பயந்து கிளினிக் வாசலிலிருந்து திரும்பி வந்தவர்களை நமக்குத் தெரியும். அரை நிமிட வேலை, ஐயா.

எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவை இல்லை. தொல்லை குறைவாக இருந்தால் ராத்திரி பிளேன்டீயையும் சாராயத்தையும் விட்டாலே வித்தியாசம் தெரியும். டாம்சுலோசின் மாத்திரை குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும், சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கும். சட்டென்று எழும்பினால் தலை சுற்றலாம், மலையில் நிற்கிறவர்கள் கவனம். கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை போடுவதைக் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பினாஸ்டரைட் என்று இன்னொன்று சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மாத்திரையை உடைத்துக் கையாளக்கூடாது. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை இருக்கிற நம் வீடுகளில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கவ்வாத்து ஐயாவின் கதைக்கு வருவோம். மாத்திரை கொடுத்து, சில நாளில் டியூபைக் கழற்றிப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துவிட்டது. ஒப்பரேஷன் என்று எழுதினார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். நீராவி வைத்தியம், வெட்டு இல்லை, அன்றைக்கே வீடு. இந்தியாவில் செய்கிறார்களாம். அம்மாவின் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைப்பது, ஐயாவின் சேமலாப நிதியில் மிஞ்சியிருப்பதைப் போடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வெட்ட விடமாட்டேன் என்று அம்மாவும் பிடிவாதம்.

அடுத்த கிளினிக்கில் நாங்கள் அதையே டொக்டரிடம் கேட்டோம். அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்கிற அந்த ஒப்பரேஷனிலும் வெளியே ஒரு வெட்டும் இல்லை! டீ.யு.ஆர்.பி. என்று அதற்குப் பெயர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, சிறுநீர் வருகிற வழியாலேயே கருவியை அனுப்பி, குழாயை அமுக்குகிற சதையை உள்ளிருந்து சுரண்டி எடுக்கிறார்கள். ஓரிரண்டு நாள், சில வேளை மூன்று நாள் டியூப் இருக்கும், பிறகு கழற்றுவார்கள். அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை பிடிக்கிறேன்" என்றார். ஒப்பரேஷன் என்கிற ஒரு சொல்லை நாமும் சரியாக மொழிபெயர்க்கவில்லை, அந்தப் பிழை எங்களுடையதும்தான்.

புதிய முறைகள் ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நீராவி முறையில் ஊசி வழியாகச் சுரப்பிக்குள் ஆவியைப் பாய்ச்சுவார்கள், ஒவ்வொரு தடவையும் 9 செக்கன். வெந்த சதையை உடம்பே மெதுவாகக் கரைத்துவிடும். இன்னொன்றில் சின்னக் கொக்கி மாதிரிச் சாமான்களை நிரந்தரமாகப் பொருத்தி, சுரப்பியின் இரண்டு பக்கத்தையும் திரைச்சீலையை ஒதுக்குவது போல ஒதுக்குகிறார்கள். சதையை எடுப்பதே இல்லை. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, சுரப்பிக்குப் போகிற இரத்தக் குழாயை அடைப்பது வேறொரு முறை. முதல் இரண்டிலும் முழு மயக்கம் தேவைப்படாமல் போகலாம், இரத்தப்போக்கும் குறைவு. இதய வருத்தம் உள்ளவர், மயக்க மருந்து தாங்காதவர் இவற்றைப் பற்றிக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

ஆனால் வீடியோவில் சொல்லாத பக்கமும் இருக்கிறது. நீராவி பாய்ச்சிய பிறகு சுரப்பி முதலில் வீங்கும். ஆளுக்கு ஆள் சில நாள், சில வேளை ஒரு கிழமையோ அதற்கு மேலோ டியூபோடு வீட்டில் இருக்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். அன்றைக்கே வீடு என்பது உண்மை, டியூபோடு வீடு என்பதுதான் முழு உண்மை. பொதுக் கக்கூசும் வெளியே தண்ணீர்ப் பீலியும் உள்ள லயத்தில் டியூபைச் சுத்தமாக வைத்திருப்பது என்ன பாடு என்று நமக்குத் தெரியும். பிறகு, எவ்வளவு காலம் நிற்கும் என்கிற கேள்வி. ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கொக்கி முறை செய்தவர்களில் 100க்கு 13, 14 பேருக்கும், நீராவி முறை செய்தவர்களில் 100க்கு 4, 5 பேருக்கும் மறுபடி ஏதாவது செய்ய வேண்டி வந்தது. மாத்திரைக்குத் திரும்பியவர்கள் அதற்கு மேலே. சுரப்பி மிகப் பெரிதாக இருந்தால் இந்த இரண்டும் பொதுவாகப் பொருந்துவதும் இல்லை.

டீ.யு.ஆர்.பி.யிலும் குறை உண்டு. இரத்தம் போகலாம், கிருமி தொற்றலாம். சில கிழமைகள் பாரம் தூக்க முடியாது, அதாவது அத்தனை நாள் பேர் போகும். இன்னொரு விஷயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராது, பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆண்மை போய்விடும் என்று பெரட்டுக் களத்தில் பேசுவது வேறு, அது பெரும்பாலானோருக்குப் போவதில்லை. ஆனால் பிள்ளை வேண்டும் என்று இருக்கிறவருக்கு இது சின்ன விஷயமா? நீராவி, கொக்கி முறைகளில் இந்தப் பிரச்சினை மிகவும் குறைவு. அவற்றுக்கு நாங்கள் கொடுக்கிற பெரிய மதிப்பே அதற்குத்தான்.

ஸ்டோரில் வேலை செய்கிற ஒரு தம்பிக்கு 48 வயது. இரண்டாம் கலியாணம், பிள்ளை இன்னும் இல்லை. அவரும் ஒப்பரேஷன் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார். அவருக்கு அடைப்பு வந்ததில்லை, ஸ்கேனில் சிறுநீர் மிச்சமும் குறைவு. பிள்ளை விஷயத்தை டொக்டரிடம் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை, நாங்கள் சொன்னோம். சொன்ன பிறகு ஆலோசனையே மாறியது. அவசரம் இல்லை, மாத்திரையோடு பார்ப்போம், பின்னால் தேவைப்பட்டால் புதிய முறையை யோசிக்கலாம் என்றார். அந்த மாத்திரையிலேயே சிலருக்கு விந்து குறையும், அதையும் கவனிக்கச் சொல்லி அனுப்பினார்.

கவ்வாத்து ஐயா டீ.யு.ஆர்.பி. செய்துகொண்டார். இரண்டு தடவை அடைத்தவர், வயது 68, வீட்டில் டியூப் பராமரிக்க வசதி இல்லை, நகையும் ஒன்றுதான் இருந்தது. காத்திருக்க வேண்டித்தான் இருந்தது. அந்த நாட்களை டியூபோடு மிகவும் கஷ்டப்பட்டுத்தான் கழித்தார், அதை மறைக்க மாட்டோம். ஒப்பரேஷனுக்குப் பிறகும் இரண்டு கிழமை சிறுநீரில் இரத்தம் கலந்து வந்து பயப்படுத்தியது. இப்போது இரவில் ஒரு தடவை எழும்புகிறார். சங்கிலி அம்மாவின் கழுத்தில் இருக்கிறது.

ஆகவே யாராவது புதிய முறை என்று காசு கேட்டால், கட்டுவதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் இதைக் கேளுங்கள். என் சுரப்பி எத்தனை மில்லிலீட்டர்? போய் முடித்த பிறகு எவ்வளவு சிறுநீர் மிஞ்சுகிறது? சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா? இங்கே காசில்லாமல் எது செய்வீர்கள், அதற்கும் இதற்கும் எனக்கு என்ன வித்தியாசம்? சம்மதக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லாமல் கைநாட்டும் வைக்க வேண்டாம், கையெழுத்தும் வைக்க வேண்டாம். வழியே அடைத்துவிட்டால், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால், கட்டி கட்டியாக இரத்தம் வந்தால், கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே போங்கள். பொறுத்துப் பொறுத்துச் சிறுநீரகம் பழுதான பிறகு போனால், எந்த முறைக்கும் வேலை குறைந்துவிடும்.

அடுத்த மாதக் கிளினிக்குக்குச் சங்கம் வேன் ஒழுங்கு செய்கிறது. பெயர் எழுதுகிற கொப்பி தலைவரிடம் இருக்கிறது. ஐயாமார் வெட்கப்பட்டால் அம்மாமார் வந்து பெயர் கொடுக்கலாம். போன தடவை வந்த ஏழு பெயரில் ஐந்து அப்படித்தான் வந்தது.