வீடு தேடி வரும் நொத்தாரிசும் அவர் உடையும்



காணி விற்பவரும் வாங்குபவரும் நொத்தாரிசின் காரியாலயத்தை நாடிச் செல்வதே பெருவழக்கு. ஆயினும், எழுந்து நடமாட இயலாத முதியவரும், நோயுற்றுக் கட்டிலிற் கிடப்பவரும் நம்மிடையே உளர். அத்தகையோரை நாடி நொத்தாரிசே செல்கின்றார். அவ்வாறு பிறர் வீட்டுப் படியேறும்போது அவர் எவ்வாறு உடுத்தியிருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். "இதுவும் ஒரு பொருளோ?" எனச் சிலர் நகைக்கக்கூடும். கிராமப் பாடசாலை அதிபரை உறுதிக்குச் சாட்சியாக அழைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அவ்வாறு சாட்சியாகப் பலமுறை அமர்ந்திருந்தவன் என்ற முறையில், இது கருதத்தக்க பொருளே என்று துணிந்து கூறுவேன்.

முதலில் நொத்தாரிசின் கடமை யாதென நோக்குவோம். காணி உரிமையை மாற்றும் உறுதி ஒரு நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்படல் வேண்டும் என, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் விதித்தது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருடைய கடமைகளை விரிவாக வகுத்தது. உறுதியை வாசிக்க இயலாதவருக்கு அதனை வாசித்துக் காட்டிப் பொருளை விளக்குதல் வேண்டும். அழித்தவையும், திருத்தியவையும், இடையிற் செருகியவையும் அத்தாட்சியிற் குறிக்கப்படல் வேண்டும். எழுத்தைப் பற்றி இத்துணை நுணுக்கமாகப் பேசும் சட்டம், எழுதுபவரின் உடையை அவரது நல்லறிவுக்கே விட்டுவிட்டது.

அந்நல்லறிவு எதனை முன்வைத்துத் தீர்மானித்தல் வேண்டும்? கணவனை இழந்த மூதாட்டி ஒருவர், தாம் குடியிருக்கும் ஒரே வளவை மகனுக்கு நன்கொடையாக எழுதுகின்றார் என்று கொள்வோம். சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளாது கையொப்பமிட்டால், மறுநாள் முதல் அவ்வீட்டில் அவர் பிறர் தயவில் வாழ்பவரே. "ஐயா, எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை வாசியுங்கள்" என்று கேட்பதற்கு அவருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவை வளர்ப்பதிலும் கெடுப்பதிலும் எதிரே அமர்ந்திருப்பவரின் தோற்றத்திற்குப் பங்குண்டு.

நீதிமன்றத்துக்கு அணியும் கறுப்புக் கோட்டோடு நொத்தாரிசு நோயாளியின் கட்டிலருகே வந்து நின்றால், தாம் ஏதோ வழக்கில் அகப்பட்டுவிட்டதாக அம்மூதாட்டி அஞ்சுவார். மாறாக, கசங்கிய சாரமும் பொத்தான் பூட்டாத சேட்டுமாக வந்து அமர்ந்தால், நடப்பது அண்டை வீட்டார் உரையாடல் போலத் தோன்றும். அஞ்சியவரும் கேள்வி கேளார். அசட்டையாய் இருப்பவரும் கேள்வி கேளார். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள உடையே தக்க உடை. தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும், அல்லது தூய வேட்டியும் சேட்டும் ஆடவர்க்குப் போதும். பெண்மணிகளுக்கு எளிய கரையுடைய பருத்திச் சேலை போதும். பார்த்தவர் கண் உடையில் தங்காது உறுதிப் பத்திரத்திற் சென்று விழுமாயின், அவ்வுடை நன்று.

வீட்டுக்குச் செல்பவர் கருதவேண்டிய வேறு சிலவும் உள. நம் வீடுகளில் வாசலிலேயே பாதணியைக் கழற்றுதல் மரபு. ஆகையால் எளிதிற் கழற்றக்கூடிய பாதணியும், கழுவிய காலும் வேண்டும். நோயாளியின் அறைக்குட் செல்பவர் கடும் வாசனைத் தைலம் பூசுதல் ஆகாது. ஈட்டு உறுதியிற் கையொப்பமிட்டுக் கடன் பெறும் ஏழையின் முன், விரலுக்கொரு மோதிரம் மின்னுதல் அழகன்று. கட்சிச் சின்னங்கள் அறவே வேண்டா. எத்தரப்பையும் சாராதவர் என்பது அவரைக் கண்டவுடனே புலப்படல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிளில் வந்தவர் தலைக்கவசத்தை வாசலிலேயே கழற்றி முகம் தெரிய உட்புகுதல் வேண்டும்.

இவ்வாறு வீடு தேடிச் செல்லுதல் அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கே வீட்டுக்கடன் பத்திரங்களோடு மாலை வேளைகளிலும் வீடுகளுக்குச் சென்று கையொப்பம் பெறும் நொத்தாரிசுகள் பலர். ஆனால் அவருட் பெரும்பாலோர் சட்டத்தரணிகள் அல்லர். வந்தவர் இன்னார் என்பதையும், மனமொப்பிக் கையொப்பமிடுகின்றார் என்பதையும் உறுதிப்படுத்துவதே அவர் பணி. சட்ட ஆலோசனை கூறும் அதிகாரம் அவர்க்கில்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளிலோ நொத்தாரிசு என்பவர் சட்டம் கற்றுயர்ந்த அதிகாரி. அங்கிருந்து குடியேறியோர் ஒரே பெயரைக் கேட்டு மயங்கி, தகுதியற்றவரிடம் ஆலோசனைக்குப் பணம் கொடுத்து ஏமாந்ததுண்டு. பெயர் மயக்குவது போலவே உடையும் மயக்கும். தமக்கில்லாத தகுதி உண்டென்று எண்ணச் செய்யும் உடை, எத்துணைச் சிறப்பாகத் தைக்கப்பட்டிருப்பினும் பொய்யுடையே.

ஆகவே, நேயர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கோட்டைக் கண்டு எவரையும் நம்பிவிடாதீர்கள். உறுதியில் நொத்தாரிசின் பெயரும், ஒப்பமும், முத்திரையும் உளவா என்று பாருங்கள். வெற்றிடம் விட்ட தாளிற் கையொப்பமிடாதீர்கள். இரு சாட்சிகளும் உடனிருக்கின்றனரா என்று நோக்குங்கள். விளங்காத சொல்லை விளக்கும்படி கேளுங்கள். எளிய வேட்டியோடு வந்து பொறுமையாக மும்முறை வாசித்துக் காட்டுபவர், பட்டுக் கழுத்துப்பட்டி அணிந்து வந்து அவசரப்படுத்துபவரிலும் உயர்ந்தவர்.

நொத்தாரிசாய்ப் பணிபுரிவோருக்கும் ஒன்று கூறுவேன். "ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் பழமொழி. வீடு தேடிச் செல்பவருக்கு அவர் கையிலுள்ள பையும் ஆடையின் பகுதியே. ஒழுங்காக அடுக்கிய பத்திரங்கள், தடையின்றி எழுதும் பேனா, பெருவிரல் அடையாளம் இடுவதற்கு மைப்பெட்டி, இவற்றோடு ஈரத்துணி ஒன்றும் அதில் இருக்கட்டும். கைநாட்டு இட்ட முதியவர், மைபட்ட விரலை எங்கே துடைப்பது என்று அறியாது தம் சேலைத் தலைப்பைத் தேடுவதை நான் கண்டிருக்கின்றேன். அவ்வேளை அத்துணியை எடுத்து நீட்டுபவரிடம், அடுத்தமுறை அம்மூதாட்டி அஞ்சாது கேள்வி கேட்பார்.