பேண்டு வாத்தியம் பழுது பார்க்கும் கலை

கொல்கத்தாவின் தெற்கே, ரவீந்திர சரோவர் ஏரிப் பக்கம் இருக்கிறது லேக் கார்டன்ஸ். முகூர்த்த நாள் மாலைகளில் இந்தத் தெருக்களில் பேண்டு முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் வரும். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் தமிழர்களுக்கும் பழகிப்போன சத்தம் அது. ஊதுகிறவர்களை ஊரே பார்க்கிறது. டிரம்பெட், யூஃபோனியம் போன்ற பித்தளை ஊதுவாத்தியங்களை ஊதும் நிலையில் வைத்திருப்பவர்களின் கைவேலையைப் பற்றி இன்று பேசுகிறேன்.

நகரின் நடுவே, முன்பு ஹாரிசன் ரோடு என்றிருந்த மகாத்மா காந்தி சாலையில், மெஹபூப் பேண்டு போன்ற பேண்டுக் கடைகள் வரிசையாக உண்டு. இந்திய பேண்டுகளுக்கு வாத்தியம் செய்து அனுப்புவதில் பேர்பெற்ற ஊர் மீரட். 1885-இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கல்யாண சீசன் முழுக்க வியர்வையிலும் தூசியிலும் உழைத்த வாத்தியம் கெட்டுப்போனால், பட்டறைக்காரர்தான் கதி.

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவோம். ஊதுவாத்தியத்துக்கு அது ஆகாது. அதன் விரிந்த முன்வாய்த் தகடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான். தேய்க்கத் தேய்க்க உலோகம் குறையும். பூச்சு இருந்தால் அதுவும் போய்விடும். உண்மையான அழுக்கு உள்ளேதான் இருக்கிறது. மூச்சின் ஈரமும் எச்சிலும் குழாய்க்குள் படிந்து களிம்பு பிடிக்கும். வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் வளையும் பிரஷும் அதற்குப் போதும். கவனிக்காமல் விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளி தெரியும்போது உள்ளே குழாய் அரித்துப்போயிருக்கும்.

அடுத்தது ஒடுக்கு. குழாய்க்குள் அளவான எஃகுக் குண்டை விட்டு, வெளியிலிருந்து மெல்லத் தட்டி நிமிர்த்துகிறார்கள். ஓர் அடி கூடினால் தகடு நீண்டு அலையலையாகிவிடும். தட்டித் தட்டி இறுகிப்போன இடத்தைச் சூடுகாட்டி இளக்க வேண்டும். பக்கத்திலேயே ஈயப்பற்று இருந்தால் அது கழன்றுகொள்ளும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது விரலால் அழுத்தும் வால்வு. 1839-இல் பாரிஸில் பெரினே என்பவர் காப்புரிமை பெற்ற பிஸ்டன் வால்வுதான் இன்றும் பெரும்பாலான டிரம்பெட்டுகளில் இருக்கிறது. பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான் இடைவெளி. ஒரு வால்வின் பிஸ்டன் இன்னொன்றின் உறைக்கு ஒத்துவராது. அதனால்தான் அவற்றில் எண் பொறித்திருக்கிறது. காற்று கசிகிறதா என்று பார்க்க, வால்வை அழுத்தாமல் அதன் துணைக்குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்துவார்கள். 'பொப்' என்று தெறித்தால் வால்வு கச்சிதம்.

இந்த வாத்தியங்கள் தமிழ்நாட்டுக்கும் புதியவை அல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு ஒலித்தது. இன்று நம் போலீஸ் பேண்டிலும் பள்ளி பேண்டிலும் அதே இனத்து வாத்தியங்கள் இருக்கின்றன. பழுது பார்த்து வந்த வாத்தியத்தைப் பளபளப்பைக் கொண்டு மட்டும் மதிக்காதீர்கள். ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போகிறதா, ஸ்வரம் சுத்தமாக நிற்கிறதா என்று கேளுங்கள். இருக்கிற உலோகத்தை இழக்காமல் நாதத்தை மீட்டுத் தருகிறவர், வாசிப்பவருக்குச் சமமான கலைஞர். கூலி கொடுக்கும்போது அவர் காதின் நுட்பத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்; அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வர அதுதான் வழி.