பின்னால் வருகிறவர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான் சார், அதுக்கு மேல பேசினா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே ஒரே ஒரு சைக்கிள் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1974, ஆடி மாதம். விடுதி மாணவர்கள் நாங்கள் நால்வர் திருச்சியிலிருந்து கல்லணைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மூவருக்கு நல்ல வாடகை சைக்கிள். நான்காவது நண்பருக்கு அவருடைய மாமாவின் பழைய வண்டி. போகும்போது ஆடிக்காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளியது. பாட்டும் கேலியுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு மிதித்தோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்குச் சுமை குறையும். ஆனால் ஒட்டி வந்தால்தான் அந்தச் சலுகை. நண்பர் பத்தடி பின்தங்கினார்; மறைப்பு போயிற்று. முழுக்காற்றும் அவர் மார்பில். பத்தடி நூறடியாயிற்று. பிறகு ஆளே தெரியவில்லை.

நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அங்கங்கே மர நிழலில் நின்று காத்திருந்தோம். அவர் மூச்சிரைக்க வந்து ஒரு காலை ஊன்றுவார். "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்!" என்று பெடலை மிதித்துவிடுவோம். நான்கு முறை இப்படி.

ஐந்தாவது முறை, சர்க்கார்பாளையம் டீக்கடையில் அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு மாட்டு வண்டி வந்தது. மேலே சைக்கிள், வண்டிக்காரர் பக்கத்தில் நம் நண்பர். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நீங்க நாலு தடவ உக்காந்து எழுந்தீங்கடா. நான் ஒரு தடவகூட உக்காரல" என்றார். அதன் பிறகு எங்களோடு எந்தப் பயணத்துக்கும் அவர் வரவில்லை.

காத்திருந்ததையே பெரிய உபகாரமாக நினைத்தோம். அந்த ஓய்வு எங்களுக்குத்தான் கிடைத்தது என்பது மண்டையில் ஏறவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் என் மனைவியோடு காலையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். அப்போதுதான் பாடம் முழுதும் புரிந்தது. எதிர்காற்றில் நான் முன்னால் போவேன். ஆனால் அவள் வேகத்தில்தான் போவேன். மற்ற நேரங்களில் அவள் முன்னால். நின்றால், கிளம்பும் நேரத்தை அவள்தான் சொல்வாள். வேகமாக ஓட்ட ஆசை வந்தால் தனியாக ஒருநாள் போய்க்கொள்வேன்.

ஒலிம்பிக்கில் நால்வர் சேர்ந்து 4 கிலோமீட்டர் ஓட்டும் சைக்கிள் பந்தயம் உண்டு. அதில் மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் அணியின் நேரத்தைக் குறிப்பார்கள். முதல் ஆள் மட்டும் பறந்து என்ன பயன்? அங்கேகூட நான்காவது ஆளை விட்டுவிடலாம். நட்பில் அந்தச் சலுகை கிடையாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலும் மாமாவின் பழைய வண்டியோடு வந்தவர் யாராவது இருப்பார். பாடம் புரிந்தவர்கள் நின்று காத்திருந்தால் போதாது. அவர் வந்து சேர்ந்த பிறகும் கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த நண்பர் இன்று நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். டேய், நாளைக் காலை காவிரிக் கரை வரை சைக்கிளில் போகலாமா? எப்போது கிளம்புவது என்பதை நீயே சொல்.