தாதிக் கல்வியும் ஆராய்ச்சியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாதிக் கல்வி பயிலும் மாணவிகள் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி இன்று சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இப்பொருள் வைத்தியர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்குமன்றோ உரியது, குடும்பஸ்தர்களாகிய நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் நினைத்தல் கூடும். நம்மில் யாவரும் என்றேனும் ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவோ, கட்டிலருகே கண்விழித்திருக்கவோ வேண்டியவர்களே. அன்றியும், நம் வீட்டுப் பெண்மக்களும், இக்காலத்தில் ஆண்மக்களும், தாதிக் கல்லூரிகளிற் சேர்ந்து பயில்கின்றனர். ஆதலின் இப்பொருள் இருவகையாலும் நமக்கு உரியதே.

தாதித் தொழிலைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக ஓர் எண்ணம் நிலவி வருகின்றது. வைத்தியர் சொல்லுவார், தாதி செய்வாள். மருந்து கொடுத்தல், ஊசி போடுதல், புண் கட்டுதல், படுக்கை மாற்றுதல் ஆகிய இவற்றிற்கு அன்பும் பொறுமையும் போதும், ஆராய்ச்சி எதற்கு என்பதே அவ்வெண்ணம். அன்பும் பொறுமையும் இன்றியமையாதன என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், அன்போடு செய்யும் ஒரு காரியம் நோயாளிக்கு நன்மை தருகின்றதா, தீமை தருகின்றதா என்பதை அன்பு ஒன்றே அறிவித்துவிடாது. அதனை அறிதற்குக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எண்ணிக் கணக்கிடுதல் வேண்டும். கண்டதை மறையாது பலர்முன் சொல்லுதல் வேண்டும். இம்மூன்றையுமே யாம் ஈண்டு ஆராய்ச்சி என்கின்றோம். இதற்குத் தாதியர் சரித்திரத்திலேயே சான்றுகள் உள்ளன.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய உருவமாகவே நாம் படங்களிற் கண்டிருக்கின்றோம். 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரின்போது அவர் 38 மாதரை அழைத்துக்கொண்டு ஸ்குட்டாரி என்னும் இடத்திலுள்ள போர்வீரர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அங்கே அவர் செய்த தொண்டு யாவரும் அறிந்ததே. ஆனால் ஊர் திரும்பிய பின்னர் அவர் செய்த காரியம் அத்துணைப் பிரசித்தமன்று. வில்லியம் பார் என்னும் புள்ளிக்கணக்கு அறிஞரின் துணையோடு, மாண்ட வீரர்களின் கணக்கை மாதவாரியாக ஆராய்ந்தார். போரிற்பட்ட காயத்தால் இறந்தவரைக் காட்டிலும், அசுத்தத்தால் பரவிய, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவரே பன்மடங்கினர் என்பது அக்கணக்கால் வெளிப்பட்டது. எண்களை வரிசையாக எழுதினால் அதிகாரிகள் படிக்கமாட்டார்கள் என்று உணர்ந்து, 1858-ஆம் ஆண்டில் அவற்றை வண்ணந்தீட்டிய வட்டப்படமாக வரைந்து வெளியிட்டார். இன்று மாணவிகள் மகாநாடுகளில் தம் ஆராய்ச்சியைப் படமாக எழுதி மாட்டுகின்றனரே, அவ்வழக்கத்திற்கு இவ்வம்மையாரை முன்னோடி என்னலாம்.

இரண்டாவது சான்று நம் தாய்மார்களுக்கு மிக நெருங்கியது. பிறந்த குழந்தையின் மேனி மஞ்சளித்தால் இளவெயிலிற் காட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியிலுள்ள ராச்போர்டு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளின் கூடத்துக்குத் தலைமை வகித்த ஜீன் வார்டு என்னும் தாதி, குழந்தைகளை நல்ல வெயில் நாட்களில் முற்றத்திற்குக் கொண்டுசெல்லும் பழக்கமுடையவர். 1956-ஆம் ஆண்டில் ஒரு நாள் வைத்தியர்கள் பார்வையிட வந்தபோது, அவ்வம்மையார் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். மேனி முழுதும் மஞ்சள் வெளிறியிருக்க, விரிப்பின் நுனி மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் ஆழ்ந்த மஞ்சளாயிருந்தது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்தது என்பதை அக்குழந்தையின் உடம்பே காட்டிற்று. பின்னர் வைத்தியர்கள் அதனை ஆராய்ந்து 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் நீலவொளிச் சிகிச்சை இவ்வாறு தோன்றியதே. இதனைக் கேட்டு எவரும் வீட்டு வெயிலையே மருந்தாக நம்பிவிடலாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலும், குழந்தை பாலுண்ண மறுத்துச் சோர்ந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வெயிலிற் காட்டிய தாய்மார் உலகில் எண்ணிறந்தோர். அவ்வம்மையாரோ வேறுபாட்டை உற்றுநோக்கி, அதனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் வைத்தியர்முன் சொன்னார். அதுவே பயன் விளைத்தது.

மூன்றாவது சான்று படுக்கைப் புண்ணைப் பற்றியது. நெடுநாட் படுத்திருக்கும் முதியோருக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் உண்டாதலை நம்மில் பலர் கண்டிருப்போம். அது வாராமல் தடுக்க எதையெதையோ தடவித் தேய்க்கும் வழக்கம் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது. டோரீன் நார்ட்டன் என்னும் தாதியும் அவருடன் உழைத்த இருவரும் முதியோர் கூடங்களில் ஆராய்ந்து, 1962-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். புண்ணைத் தடுப்பது தடவும் பண்டமன்று. ஒரே இடத்தில் அழுத்தம் நீடியாதபடி நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்கவைத்தலே என்பது அம்முடிவு. எந்நோயாளிக்குப் புண் வருமென்று முன்னரே அறிதற்கு, உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையுந்திறன், மலசல அடக்கம் ஆகிய 5 அமிசங்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டுக் கூட்டும் ஓர் அளவுகோலையும் வகுத்தனர். மொத்தம் 20, 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் புண்ணுக்கு இடமுண்டு என்பது குறிப்பு. காகிதமும் எழுதுகோலுமன்றி இதற்கு வேறு கருவி வேண்டியதில்லை.

இனி நம் நாட்டைப் பற்றிச் சொல்லுவோம். மாணவத் தாதியர் சங்கம் நம் தேசத்தில் 1929-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. 1946-ஆம் ஆண்டில் டில்லியிலும் வேலூரிலும் தாதிக் கல்வி பி.எஸ்ஸி. பட்டப்படிப்பாயிற்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய நர்ஸிங் கௌன்சில் ஏற்பட்டது. அக்கௌன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் இப்பொழுது ஆராய்ச்சி முறையும் புள்ளிக்கணக்கும் பாடமாக உள்ளன. பட்டம் பெறுமுன் மாணவிகள் ஓர் ஆராய்ச்சியைத் தாமே நடத்தி எழுதுகின்றனர். கல்லூரிகளிலும் மகாநாடுகளிலும் கட்டுரை வாசித்தும் படம் மாட்டியும் அதனை வெளியிடுகின்றனர்.

அவர்கள் அதனை நடத்தும் முறை யாதெனின், முதற்கண் கேள்வி ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றனர். அதனைப் பற்றிப் பிறர் முன்னரே கண்டவற்றைப் படிக்கின்றனர். பின்னர் யாரை, எத்தனை பேரை, எவ்வாறு நோக்குவது என்று திட்டமிட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நோயாளிக்கு விஷயத்தை அவருக்கு விளங்கும் பாஷையிற் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். சம்மதியாதவரை வற்புறுத்தலாகாது. மறுத்த காரணத்தால் அவருக்குரிய சிகிச்சையில் யாதொரு குறைவும் நேரலாகாது. அவருடைய பெயரும் அந்தரங்கமும் வெளிப்படலாகாது. இவற்றை நாமும் அறிந்திருத்தல் நலம்.

இத்துணையும் நன்றே. ஆயினும் இத்துறையிலுள்ள ஒரு குறையையும் எடுத்துச் சொல்லுதல் எம் கடமை. மாணவிகளின் ஆராய்ச்சிகளிற் பல ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. ஒரு கூட்டத்தாருக்கு முதலில் கேள்வித்தாள் கொடுப்பது; பின் ஒரு பாடம் நடத்துவது; மறுபடியும் அக்கேள்வித்தாளையே கொடுப்பது; மதிப்பெண் உயர்ந்தது என்று எழுதி முடிப்பது. பாடங் கேட்டவுடன் மதிப்பெண் உயர்தல் வியப்பன்று. கை கழுவவேண்டும் என்று அறிந்தவர் கை கழுவினாரா? புண் வருமென்று அறிந்தவர் நோயாளியைத் திருப்பினாரா? திருப்பியதனால் புண் குறைந்ததா? நோயாளிக்கு வேண்டிய விடை இதுவே. அவ்விடையைத் தேடாத ஆராய்ச்சி, கட்டடம் செய்யப்பெற்றுக் கல்லூரிப் புத்தகசாலையில் உறங்குவதொன்றே பயனாக முடியும். இது மாணவிகளின் குற்றமன்று. குறுகிய காலமும், பரீட்சையின் அவசரமும், கல்லூரியும் ஆஸ்பத்திரியும் தத்தம் வழியே செல்லுதலும் இதற்குக் காரணங்களாம்.

வேறு வழி யாதென்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நான்கு மாணவிகள் ஒரு கூடத்தில் பயில்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியைக் குறித்த நேரந்தோறும் திருப்பியதாக அங்குள்ள குறிப்புத்தாளில் அடையாளம் இடப்பட்டிருக்கின்றது. மாணவிகளோ அனுமதி பெற்றுக் கட்டிலருகே இருந்து நோக்குகின்றனர். பகலில் திருப்புதல் நடைபெறுகின்றது, நள்ளிரவுக்குப்பின் நடைபெறவில்லை. காரணத்தை ஆராய்ந்தால், இரவில் அத்தனை கட்டில்களுக்கும் ஒரே தாதி இருப்பது தெரிகின்றது. ஒருவராய் ஒரு நோயாளியைத் திருப்புதல் இயலாது. அத்தாதிக்கு இன்னுமொரு பாடம் நடத்தி என்ன பயன்? உடனிருக்கும் உறவினருக்குத் திருப்பும் முறையைக் கற்பித்து, எந்நேரத்தில் எப்பக்கம் என்று எழுதிய அட்டையைக் கட்டிலில் தொங்கவிட்டு, இரவில் இன்னொரு கை உதவிக்கு ஏற்பாடு கேட்டு, மறுபடியும் முன்போலவே எண்ணிப் பார்த்தல் வேண்டும். புண் குறைந்தால் ஏற்பாட்டை நிலைப்படுத்துக. குறையாவிடில் வேறு வழி காண்க. இதுவே நோயாளிக்குப் பயன்படும் ஆராய்ச்சி.

கை கழுவுதலும் இத்தகையதே. உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிமுறையில் 5 தருணங்கள் கூறப்பட்டுள்ளன. நோயாளியைத் தொடுமுன், சுத்தமாய்ச் செய்யவேண்டிய காரியத்துக்கு முன், உடற்கசிவு பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் என்பன அவை. இத்தருணங்கள் எத்தனை வந்தன, எத்தனையில் கை சுத்தமாயிற்று என்று எண்ணுதல் மாணவிகளால் இயலுவதே. எவரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் யாவரும் வழக்கத்தினும் அதிகமாகக் கை கழுவுவர் என்பதையும் கணக்கில் வைத்தே முடிவு சொல்லவேண்டும்.

மாணவிகள் பார்ப்பது முப்பது நாற்பது பேரைத்தானே, அதைக்கொண்டு என்ன சொல்லமுடியும் என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு புதிய மருந்து உலகினர்க்கெல்லாம் நல்லதென்று சொல்ல முப்பது பேர் போதார். ஆனால் இந்தக் கூடத்தில் இந்தக் காரியம் முறையாக நடக்கின்றதா என்றறிய முப்பது நோயாளிகளின் குறிப்பும் பெரியதோர் உண்மையை உணர்த்தும். அளவறிந்து சொல்லுதலும் ஆராய்ச்சியின் ஓர் அங்கமே.

கண்டதைப் பலர்முன் சொல்லுதல் எளிதன்று. நினைத்த பயன் விளையவில்லை என்று சொல்லுதற்குத் தைரியம் வேண்டும். தான் பயிலும் கூடத்தில் குறையுண்டு என்று மூத்தோர்முன் பணிவோடும் தெளிவோடும் சொல்லுதற்கு அதனினும் தைரியம் வேண்டும். அத்தைரியத்தைப் பெற்ற பெண், நாளை நள்ளிரவில் ஒரு நோயாளியின் நிலை மாறுவதைக் கண்டால், வைத்தியரை எழுப்பத் தயங்காள். மேடையிற் பேசப் பழகிய நாவே கட்டிலருகில் உயிர் காக்கும் நாவாகின்றது.

இனி நாம் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, மாணவி ஒருத்தி நம் கட்டிலருகே வந்து வினவும்போது, பரீட்சைக்காக நம்மைத் தொந்தரவு செய்கின்றாள் என்று சினவாமல், விஷயத்தைக் கேட்டறிந்து, விருப்பமிருந்தால் உண்மையான விடை சொல்லுவோமாக. அவளை மகிழ்விக்கும்பொருட்டுச் சொல்லும் பொய்விடை அடுத்த நோயாளிக்குத் தீங்காகும். இரண்டாவது, நம் வீட்டு மகள் ஆராய்ச்சி வாசிக்க வெளியூர் மகாநாட்டுக்குப் போகவேண்டுமென்றால், தாதிப் படிப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று தடுக்காமல், தக்க துணையோடு அனுப்புவோமாக. அவள் திரும்பிவந்தபின், பரிசு கிடைத்ததா என்று கேட்பதோடு நில்லாமல், உன் ஆராய்ச்சியால் அந்தக் கூடத்தில் மாறியது என்ன என்றும் கேட்போமாக. மூன்றாவது, படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் சங்கங்கள், கல்லூரிச் சம்பளத்தோடு, ஆராய்ச்சிக்கு வேண்டும் அச்சுச்செலவு, பிரயாணச்செலவு முதலியவற்றிற்கும் சிறிது ஒதுக்குதல் நன்று. தொகை சிறிதேயாயினும், அதனால் ஒரு பெண்ணின் உழைப்பு வீணாகாமற் காக்கப்படும்.

சகோதர சகோதரிகளே! மேலே சொன்ன மூன்று தாதியரும் தாம் கண்டதை அலட்சியம் செய்யாமையால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அத்தகைய கண்ணும், எண்ணும், நாவும் நம் பெண்மக்களுக்கும் உண்டு. அவற்றைப் பயன்படுத்த இடங்கொடுத்தலே நம் கடன்.