நட்டத்தை எதை வைத்து அளக்கிறார்கள்?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புயல் அடிச்சா, அரசாங்கம் பணம் குடுத்துச்சா இல்லையான்னுதான் கேக்கிறோம். எந்தக் கணக்குல குடுத்துச்சுன்னு கேக்கிறதில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள்.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள். வீடுகளை மறுபடி கட்ட மத்திய அரசு தந்த பணத்தை, லூசியானா மாநில அரசு ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தின் மூலம் பங்கிட்டது. வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். கேக்க நல்லாத்தானே இருக்கு?

சூது சூத்திரத்தில் இருந்தது. புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, இப்போது சரிசெய்ய ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதுதான் அடிப்படை. இன்சூரன்ஸ் பணத்தையும் கழித்துவிடுவார்கள்.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரே அளவில் ரெண்டு வீடு. சரிபண்ண தலா ஒரு லட்சம் டாலர். வெள்ளையர் தெருவில் வீட்டு விலை ஒன்றரை லட்சம். அவருக்குச் சூத்திரப்படி ஒரு லட்சம். கறுப்பர் தெருவில் விலை அறுபதாயிரம், அவருக்கு அறுபதாயிரம்தான். பலகையும் ஆணியும் ரெண்டு பேருக்கும் ஒரே விலைதானே? மீதி நாற்பதாயிரத்துக்கு அவர் எங்கே போவார்?

கறுப்பர் தெருவில் விலை ஏன் குறைந்தது? 1930களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் இப்படிப்பட்ட பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்றது. அன்று ஒதுக்கியது விலையாக நின்றது. அந்த விலையைச் சூத்திரம் எடுத்துக்கொண்டது. விதியில் எங்கேயும் நிறம் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை.

2008இல் கறுப்பின வீட்டுக்காரர்கள் ஐந்து பேர், வீட்டுரிமை அமைப்புகளோடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2011இல் சமரசம்; கூடுதலாக 6.2 கோடி டாலர். அதுக்குள்ள ஆறு வருஷம் போச்சு. இன்னொரு கொடுமை: வீட்டை உயர்த்திக் கட்டத் தந்த 30,000 டாலரைப் பழுதுபார்க்கச் செலவழித்தவர்கள் மேல் மாநில அரசே வழக்குப் போட்டது. 2023இல்தான் கைவிட்டது.

அமெரிக்கக் கதை நமக்கெதுக்குன்னு யாரும் நினைக்க வேண்டாம். 1972இல் மராட்டியத் தோழர்கள் ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பெயர் வைத்தது கறுப்பர்களின் இயக்கத்தைப் பார்த்துத்தான். நிவாரண ஆணை வந்தா, தொகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, நம்ம நட்டத்தை எதை வச்சு அளந்தீங்கன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.