எதை வெட்டுவது என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை



"நாட்டில் காசு இல்லை, செலவைக் குறைக்கத்தான் வேண்டும்" என்ற பேச்சை 2022இலிருந்து கேட்டு வருகிறோம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த ஆண்டு ஏப்ரலில் அரசாங்கமே அறிவித்தது. காசு இல்லாமல் போனதை நாம் மறுக்கவில்லை. அது எப்படிப் போனது? 2019 டிசம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கினார்கள். கம்பனிகளின் வருமான வரியையும் குறைத்தார்கள். அதில் பெரும் லாபம் கண்டவர்கள் லயத்தில் குடியிருக்கவில்லை. பிறகு வற் 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனபோது அது லயத்துக்கும் வந்து சேர்ந்தது.

வெட்டு என்றால் யாரும் பலகை போட்டு அறிவிப்பதில்லை. மருத்துவிச்சி ஓய்வு பெற்றுப் போவார். அந்த இடத்துக்கு ஆள் வராது. டொக்டர் வெளிநாடு போவார். மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பார்கள். டவுனுக்குப் போய்வர பஸ் காசு, பார்மசியில் மருந்துக் காசு, அன்றைக்கு இழந்த பேர், மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அரசாங்கம் மிச்சம் பிடித்த செலவு நம் வீட்டுச் செலவாக மாறியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது சிக்கனம்.

2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. உதவி தேவைப்படுபவர்களுக்கே போகட்டும் என்பதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே லயத்தில், ஒரே சம்பளத்தில், ஒரு வீட்டுக்குக் கிடைத்து அடுத்த வீட்டுக்கு இல்லையென்றால், அளந்த படியில்தான் கோளாறு.

சேமலாப நிதியை மறக்கக் கூடாது. அதே ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்றார்கள். தொழிலாளியின் ஓய்வுகாலப் பணத்தில் கை வைத்தார்கள். மாற்றத்துக்கு உடன்படாத நிதிக்கு 14 சதவீத வரி 30 ஆகும் என்றும் சொன்னார்கள். இதைக் கேள்வி கேட்பதா, மிரட்டல் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசு இல்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டது. அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே மாதம்தான் வாக்களித்தோம். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. எத்தனையோ ஆண்டு பேசிப் பேசித்தான் 2018இல் அதைத் திருத்த முடிந்தது. கதவு திறந்து ஐந்து வருடத்தில் உள்ளே போக ஆள் இல்லாமல் போனது. எதை வெட்டலாம் என்று பேசும் இடமே வெட்டப்பட்டது.

இப்போது சபைகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் அவை நிறைவேற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே கூடி, பாதை, தண்ணீர், பிள்ளை மடுவம் என்று தேவைகளை எழுதுங்கள். சபைக்கு உரியதைச் சபைக்கும், மருத்துவிச்சி இல்லாத இடங்களைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புங்கள். வாயால் சொன்னது போதாது. ஒரு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி, சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள்.