நாள் தள்ளியதும் சொல்லி விடுங்கள்!

(மகளிர் நலக் கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளர் அல்ல. 28 ஆண்டுகள் தடுப்பூசிப் பெட்டியையும் பதிவேட்டையும் தூக்கிக் கொண்டு தெருத் தெருவாக நடந்தவள். கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல உங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். மாதவிடாய் தள்ளிப் போனால் அதை மறைக்காதீர்கள். முதல் 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் பகுதியில் ஒரு வீடு. மகன் சபுர் போய்விட்டார். மருமகளுக்கு 19 வயது. நான் மாதந்தோறும் அந்த வாசலில் நின்று, ‘வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா?’ என்று கேட்பேன். ‘அப்படி யாரும் இல்லையம்மா’ என்று மாமி சொல்லி அனுப்பி விடுவார். அவர் கெட்டவர் அல்ல. மூன்று மாதம் கழியும் முன் வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்தார். மூன்று மாதம் கழிந்ததும், ஐந்தாவது மாதம் ஆகட்டுமே என்றார். ஏழாவது மாதத்தில் அந்தப் பெண் படியேற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஆள் வந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது! இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டியதாயிற்று. குழந்தை எடை குறைவாக, குறை மாதத்தில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால், அந்த ஏழு மாதமும் மாத்திரை என் பையில்தான் இருந்தது.

ஏன் இத்தனை அவசரம்?

‘எங்கள் காலத்தில் எந்த டாக்டரைப் பார்த்தோம்? எட்டுப் பெற்றோமே!’ என்று கேட்கும் பெரியம்மாக்கள் இங்கே இருப்பீர்கள். எட்டுப் பெற்றீர்கள், சரி. அதே தெருவில் பெறப்போய்த் திரும்பாதவர்களையும் உங்களுக்குத் தெரியும். இந்தியாவில் 1997-98ல் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 398 தாய்மார்கள் என்ற விகிதத்தில் பிரசவம் தொடர்பாக இறந்தார்கள். 2018-20ல் அது 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 54. முன்கூட்டிப் பார்த்ததும், மருத்துவமனையில் பெற்றதும் இதற்கு முக்கியமான காரணங்கள். மிச்சமுள்ள அந்த 54ம் வெறும் எண் அல்ல. ஒவ்வொன்றும் தாயில்லாத ஒரு வீடு.

குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் முதலில் ஒரு குழாயைப் போல உருவாகின்றன. கரு தங்கிய 28 நாட்களுக்குள் அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். 28 நாள் என்றால் என்ன கணக்கு? மாதவிடாய் தள்ளிப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்! நீங்கள் யாரிடமும் சொல்வதற்கு முன்பே அந்த வேலை முடிந்து விடுகிறது. அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு உதவுவது ஃபோலிக் அமிலம் என்ற சத்து. முன்பு இந்தக் குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை 1991ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டது. மறுபடியும் அப்படிப் பிறப்பதை ஃபோலிக் அமிலம் ஏறத்தாழ முக்கால் பங்கு தடுத்தது என்று அதில் தெரிந்தது. அதனால்தான், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடத் தொடங்கி, 12 வாரம் வரை தொடரச் சொல்கிறோம். முன்பு அப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்பு மருந்து சாப்பிட்டாலோ அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

பல சகோதரிகள் வராமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, கூச்சமும் பயமும்தான். அதனால் அங்கே நடப்பதை வரிசையாகச் சொல்லி விடுகிறேன்.

முதலில் கேள்விகள். கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது? பிறைக் கணக்கில் சொன்னாலும் பரவாயில்லை, செவிலியர் மாற்றிக் கொள்வார். அந்த முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரம் எண்ணித்தான் பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. நாள் கடந்து வந்தால் தேதி மறந்து போகும். தேதி தெரியாவிட்டால் எட்டாம் மாதமா ஒன்பதாம் மாதமா என்ற குழப்பம் கடைசி வரை நீடிக்கும். அடுத்து, இது எத்தனையாவது கர்ப்பம், கலைந்தது உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். எதையும் மறைக்காதீர்கள். இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கணவர் சொந்தமா என்றும் கேட்பார்கள். நம்மில் மாமி மகன், சாச்சா மகள் என்று மணம் முடிப்பது உண்டு. குறை சொல்வதற்காக அல்ல அந்தக் கேள்வி. தலசீமியா போன்ற இரத்தக் கோளாற்றைத் தாயும் தந்தையும் வெளியே தெரியாமல் சுமந்து கொண்டிருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் டாக்டர் வழி சொல்லலாம்.

பிறகு உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான், எட்டாம் மாதத்தில் ஏறும்போது அது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியும். முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போனவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையை டாக்டர் கொடுப்பதுண்டு. அதை 12 வாரத்துக்குப் பின், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஏழாம் மாதத்தில் வந்து கேட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது! நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

அடுத்து, சிறுநீரும் கொஞ்சம் இரத்தமும் எடுப்பார்கள். சிறுநீரில் புரதம், சர்க்கரை. இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரத்த வகை, மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி., பால்வினை நோயான சிபிலிஸ் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான். உங்களைச் சந்தேகித்து அல்ல. 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று வைத்தியம் தொடங்கும். இல்லையென்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்று வந்தால் கணவரின் இரத்த வகையும் தெரிய வேண்டும். அவர் பாசிட்டிவ் என்றால் 28ஆவது வாரத்தில் ஓர் ஊசியும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசியும் தேவைப்படும். இது தெரியாமல் விட்ட வீடுகளில் முதல் குழந்தை நன்றாக இருக்கும், அடுத்தடுத்த குழந்தைகள் ஆபத்துக்கு உள்ளாகும். ‘ஏதோ தோஷம்’ என்று பெண்ணைப் பழி சொல்வார்கள். பெண்ணிடம் என்ன தோஷம்? பார்க்காமல் விட்டதுதான் தோஷம்!

முதல் நாளில் உள்பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ‘பெண் டாக்டரிடம் காட்டலாமா, துணைக்கு ஒருவர் இருக்கலாமா?’ என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. அதற்காக வராமல் இருந்து விடாதீர்கள்.

ஸ்கேன் பற்றியும் சொல்ல வேண்டும். அது எக்ஸ்ரே அல்ல, ஒலி அலைதான். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, இதயத் துடிப்பு உண்டா, எத்தனை வாரம் என்று முதல் ஸ்கேனில் தெரியும். 11 முதல் 13 வாரத்தில் ஒன்றும், 18 முதல் 20 வாரத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க ஒன்றும் எடுப்பார்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கேட்பதும் சொல்வதும் குற்றம்.

மாத்திரையும் மசக்கையும்

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு! ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. 7க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய ஆபத்து. இரும்புச் சத்து மாத்திரை ஒரே நாளில் இரத்தம் ஊற வைக்காது. ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான் ஏறும். ஆறில் இருக்கிற பெண் பதினொன்றைத் தொட எத்தனை மாதம் வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். கூடவே கால்சியம். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். தேநீர், பாலுடன் இரும்பு மாத்திரை வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

மசக்கை வாந்தி பெரும்பாலும் ஆறாவது வாரம் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். குடித்த தண்ணீர் கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எடை இறங்குகிறது என்றால் அது மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. இரத்தப்போக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் மணிக்கணக்கில் உயிர் போய்விடும். ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்பது அங்கே செல்லாது.

நோன்பு பற்றிக் கேட்பீர்கள். சட்டம் சொல்ல நான் ஆலிமா அல்ல. தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்குச் சலுகை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. இரத்தசோகையும் சர்க்கரையும் வாந்தியும் உள்ளவர்கள் ரமலான் வருமுன் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கொடுக்கப்பட்ட சலுகையைப் பயன்படுத்துவதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

பதிவு செய்தால் என்ன பயன்?

கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்தால் ஓர் எண்ணும் தாய் சேய் நல அட்டையும் கிடைக்கும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018ல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைப் பெறுவதற்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. தனியார் டாக்டரிடம் காட்டுகிறவர்களும் பதிந்து கொள்ளலாம். பிரசவம் வரை குறைந்தது 8 முறை பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் சொன்னது. முதல் முறை 12 வாரத்துக்குள். முதல் முறை தவறினால் மற்றவையும் தள்ளித் தள்ளித்தான் போகும்.

கடைசியாக, ஆளுக்கொரு வேண்டுகோள்.

மருமகள்களே! நாள் தள்ளி ஒரு வாரம் ஆனதும் சிறுநீர்ச் சோதனை செய்து கொள்ளுங்கள். ஊருக்கு அறிவிக்க வேண்டாம். செவிலியரிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

மாமிமார்களே! ‘எப்போது போகலாம்?’ என்று அந்தப் பெண் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். புது வீட்டில் அவளுக்கு வாய் வராது. நீங்களே கூட்டிக் கொண்டு வாருங்கள்.

சபுரில் இருக்கும் கணவர்களுக்கு இந்த இதழ் போய்ச் சேரும். பணம் அனுப்பினால் மட்டும் போதாது. ‘பரிசோதனைக்குப் போனாயா? ஹீமோகுளோபின் எத்தனை?’ என்று போனில் கேளுங்கள். நீங்கள் கேட்டால் வீட்டில் அது நடக்கும்.

ஜமாஅத் பெரியவர்களே! உங்கள் பகுதிச் செவிலியரின் பெயரையும் போன் எண்ணையும் அலுவலக வாசலில் எழுதி வையுங்கள். நிகாஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் இந்த 12 வாரக் கணக்கை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

முதலில் சொன்னேனே, அந்த மாமி. நான்கு ஆண்டு கழித்து இளைய மருமகளை அவரே கூட்டிக் கொண்டு என் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ‘இந்தப் பிள்ளையை இப்போதே எழுதிக்கொள்ளம்மா’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து எழுதிக் கொண்டேன்.

நீங்கள் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டாம்.